ஒரு கவுளி வெத்தலை

என் மதினி மாயக்காள் கருவாட்டுக் குழம்பு வைத்தால், நாலு வீடு தள்ளிப் படுத்திருக்கும் எனக்கு மத்தியானத் தூக்கம் கலைந்துவிடும். மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு மண்சட்டியில் சுண்டவைத்த குழம்பு. மறுநாள் காலையில் அதைத் தொட்டுக்கொள்வதற்கென்றே அண்ணன் கருத்தப்பாண்டி ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைக்கச் சொல்வார். அவருக்கு ருசி என்றால் அந்த ஒன்றுதான்.

ஐம்பது வயதில் மதினி மாறிப்போனார். ஊர்ப் பெண்களோடு மாலை போட்டுக் கோயிலுக்குப் போனவர், வந்த கையோடு அந்தச் சட்டியைக் குப்பையில் வீசினார்.

"இனி இந்த அடுப்படியில கவிச்சி ஏறாது. நான் சுத்த சைவம்."

எத்தனை நாளைக்கு என்று நான் கேலி செய்தேன். ஆனால் அது வேஷம் இல்லை. கருவாட்டு வாசனை பட்டாலே அவருக்குக் குமட்டியது. அத்தனை வருஷம் சப்புக்கொட்டித் தின்ற நாக்கு எப்படி மாறியது என்று அவருக்கே தெரியவில்லை.

அண்ணன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வாரம் ஒருநாள் உரம், பூச்சிமருந்து என்று ஏதாவது சாக்குச் சொல்லி என் வண்டியில் ஏறிப் பந்தல்குடிக்கு வருவார். அங்கே லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையில் கருவாட்டுக் குழம்பு உண்டு. மதினி கைப்பக்குவத்தில் கால்வாசி தேறாது. அதையும் தலை நிமிராமல் தின்பார். தின்று முடித்ததும் பெட்டிக்கடையில் வெத்தலை வாங்கி மெல்லுவார். வெத்தலை என்றாலே முகம் சுளிக்கிற மனுஷன் அவர். மெல்லும்போது கண்ணில் தண்ணீர் வரும்.

"எதுக்குண்ணே இந்தப் பாடு?"

"வாயில இருந்து வாசம் போவணும்லே. அவளுக்குக் கொமட்டும். நீ அவகிட்ட ஒளறிறாத."

மதினிக்கு இதெல்லாம் தெரியாது. "வயசானதும் புத்தி போற போக்கப் பாத்தீகளா கொழுந்தனாரே! புதுசா வெத்தலப் பழக்கம். சட்டை பூராம் கறை" என்று கரித்துக்கொட்டுவார். அண்ணன் வாங்கிக்கட்டிக்கொண்டு சிரிப்பார். கூட நானும் சிரிப்பேன். பதினொரு வருஷம் அப்படியே ஓடியது. ஒரு தை மாசம் நெஞ்சுவலியில் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

முதல் வருஷப் படையலில் சாம்பாரும் பாயசமும்தான் இருந்தன. இந்த வருஷம் வாசலில் கால் வைத்தபோதே அந்தப் பழைய வாசனை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அருப்புக்கோட்டையில் மகள் தங்கலட்சுமி வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே கொதித்த கருவாட்டுக் குழம்பு குமட்டவில்லையாம். பசித்ததாம். இரண்டு தடவை போட்டுத் தின்றதை மதினி வெட்கத்தோடு சொன்னார்.

"அவுக இருக்கறப்ப இந்தப் பாழாப்போன நாக்கு திரும்பியிருக்கக் கூடாதா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நான் இப்படித்தான் என்று அடித்துச் சொல்கிறோம். அது பத்து, பதினைந்து வருஷம்கூடத் தாங்குவதில்லை. அதற்குள் பக்கத்தில் இருந்தவர் போய்விடுகிறார்.

மதினி அண்ணன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறும் குழம்பும் வைத்தார். பக்கத்தில் ஒரு கவுளி வெத்தலை, நூறு வெத்தலையையும் கட்டுப் பிரிக்காமல் வைத்தார். வழக்கத்துக்கு இரண்டு வைத்தால் போதும்.

"எம்புட்டுத் திட்டியிருப்பேன். இன்னைக்காவது ஆசை தீரப் போடட்டும்."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. பந்தல்குடிக் கடை, பெட்டிக்கடை, ஒளறாதே என்று அண்ணன் சொன்னது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் ரகசியத்துக்குக் காவல் இருப்பதாக நினைத்து நானும் உட்கார்ந்து தின்றிருக்கிறேன்.

மதினி இலையில் வைத்த குழம்பைப் பார்த்தார்.

"அந்தக் கடைக் கொழம்பு நல்லாருக்குமா?"

"இல்ல மதினி."

வெத்தலைக் கட்டை எடுத்துத் தூர வைத்தார். கரண்டி நிறையக் குழம்பை மோந்து, சோறு மறைகிற வரைக்கும் ஊற்றினார். பிறகு படத்தைப் பார்த்துச் சொன்னார்.

"சாப்பிடுங்க. எனக்குக் கொமட்டாது."