மொய் வேறு, போணி வேறு: ரெஜினா மேடத்தின் சனிக்கிழமைகள்

செய்தியை ஃபோனில் சொன்னவர் செல்வம். காலை நேரம், நான் ஒக்கலிபுரம் ரயில்வே பாலத்தடியில் ஆட்டோவில் மாட்டிக்கொண்டிருந்தேன். "சார், ரெஜினா மேடம் போயிட்டாங்க. விடியக்காலையில, தூக்கத்துலயே" என்றார். யாரோ ஒருவர் வீட்டில் ஆபீஸ் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அவர் வேலை செய்துகொண்டிருந்த நேரம் அது. "சக்கரத்தையெல்லாம் கழட்டிப் போட்டிருக்கேன் சார். இப்படியே விட்டுட்டு வரட்டுமா, முடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"முடிச்சிட்டே வாங்க. பாதியில விட்டுட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சா எழுந்து உட்கார்ந்து திட்டுவாங்க" என்றேன். அவர் சிரித்தது கேட்டது. பிறகு அழுததும் கேட்டது.

இதைப் படிப்பவர்களில் பலர், ஜோகுபாளையத்தில் பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் அந்த மாடி அறையில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்தவர்கள். அங்கே உட்காராதவர்களுக்காகச் சொல்கிறேன். சிறிய அளவில் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு ரெஜினா மேடம் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார். பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், வேலை போனவர்கள், வேலையை விட்டவர்கள், வீட்டிலிருந்தபடி ஏதாவது செய்ய நினைத்தவர்கள். முதல் வகுப்பில் அவர் தன்னை இப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்வார்: "என் பேரு ரெஜினா. ரெண்டு கடை மூடினவ." ஒன்று பிரேசர் டவுனில் பரிசுப் பொருள் கடை, மற்றொன்று கேக் கடை. எப்படித் திறந்தார் என்பதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எப்படி மூடினார் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் விவரமாகச் சொல்வார், வேறு யாருக்கோ நடந்ததைப் போல, சிரித்துக்கொண்டே.

முதல் முறை நான் அங்கே போனது பத்திரிகைக்கு எழுதுவதற்காக. பின் வரிசையில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்கலாம் என்று நினைத்தேன். அவர் விடவில்லை.

"நிருபரா? நல்லது. இங்க யாருக்கும் நீங்க சொந்தக்காரர் இல்லையே? அப்ப முன்னாடி வாங்க. நீங்கதான் இன்னைக்கு கஸ்டமர்."

ஊறுகாய் வியாபாரம் தொடங்கவிருந்த ஒரு பெண்மணி என் முன்னால் பாட்டில்களை அடுக்கினார். எனக்குப் பேரம் பேச வரவில்லை என்று கண்டதும் மேடமே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாங்குபவராக மாறினார். கன்னடத்தில் "சொல்ப கம்மி மாடி" என்று விலையைக் குறைக்கச் சொன்னார், உருதுக்காரரைப் போல "நக்கோ, நக்கோ" என்று பாட்டிலைத் தள்ளினார், கடைசியில் தமிழில், "இது எத்தனை நாள் கெடாம இருக்கும்?" என்று கேட்டார்.

"ரொம்ப நாள் இருக்கும் மேடம்" என்றார் அந்தப் பெண்மணி.

"ரொம்ப நாள்னு காலண்டர்ல எந்தத் தேதியும் இல்லம்மா" என்றார் மேடம். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தப் பெண்மணியும் சிரித்தார். அடுத்த வாரம் பாட்டில்களில் தேதி ஒட்டி வந்திருந்தார்.

வகுப்பில் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செய்யப்போகும் தொழிலைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஊறுகாய், நீங்க சொல்லுங்க." "பிளவுஸ், ஏன் லேட்டு?" செல்வத்துக்கு "சேர்க்காரர்" என்று பெயர். மேடம் இறந்த அன்று, பிரேசர் டவுன் வீட்டு வாசலில் நின்றபடி அவருடைய அண்ணன் மகன் வந்தவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். "நான் ஊறுகாய்ங்க" என்றார் ஒருவர். "நான் பிளவுஸ்" என்றார் அடுத்தவர். பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் திரும்பி, "அத்தைக்குத் தெரிஞ்சவங்க யாருக்கும் பேரே கிடையாதா சார்?" என்று கேட்டார்.

செல்வத்தின் கதையைத்தான் சொல்லவேண்டும். மேடம் எப்படிப்பட்டவர் என்பது அதில் இருக்கிறது.

செல்வம் வாணியம்பாடிக்காரர். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் இருந்தார். நூற்றுக்கணக்கான நாற்காலிகள் அவர் பொறுப்பு. உட்கார்ந்தால் இறங்கிவிடும் நாற்காலி, ஒரு பக்கம் சாயும் நாற்காலி, சுற்றாத சக்கரம் எல்லாவற்றையும் அவரே சரிசெய்வார். நிறுவனம் சில தளங்களைக் காலி செய்தபோது வேலை போனது. அதே சமயம் நகரத்தில் பாதிப்பேர் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியிருந்தார்கள். நாற்காலிகள் வீடுகளுக்குப் போயிருந்தன. அவற்றைச் சரிசெய்வதே தொழில் என்று முடிவெடுத்தார். கையில் இருந்தது நிறுவனம் கொடுத்தனுப்பிய பணம் மட்டும். அது கரைந்தால் மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பவேண்டியதுதான் என்பது அவருக்கும் அவர் மனைவி கவிதாவுக்கும் தெரியும்.

வகுப்புக்கு வந்தபோதே எல்லாம் முடிவாகியிருந்தது. பழைய மெட்ராஸ் ரோட்டில் கண்ணாடி போட்ட ஒரு கடை பார்த்தாயிற்று. நல்ல நாள் குறித்தாயிற்று. கவிதாவின் தம்பி பெயர்ப்பலகைக்குச் சொல்லியிருந்தார். இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் தகவல் போயிருந்தது.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சேர்க்காரரே, நாற்காலி உங்ககிட்ட வருமா, நீங்க நாற்காலிகிட்டப் போவீங்களா?"

செல்வத்துக்குப் புரியவில்லை.

"எங்க வீட்டுச் சேர் உடைஞ்சா அதை நான் எப்படி உங்க கடைக்குக் கொண்டு வர்றது? ஸ்கூட்டர்லயா? பஸ்லயா? நாளைக்குப் பகல் முழுக்க அந்தக் கடை வாசல்ல நில்லுங்க. ஒரு வண்டியாவது அங்க நிக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அடுத்த வாரம் செல்வம் வந்தார், முகம் வாடிப்போய். "நிக்கவே முடியல மேடம். ஒரு ஆட்டோ நின்னா பின்னாடி பஸ்காரன் ஆரன் அடிச்சே தள்ளிவிடறான்."

அன்று அவருடன் கவிதாவும் வந்திருந்தார். அவர் உட்காரவில்லை. "எங்க வீட்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு மேடம். எங்க பெரியப்பா டிக்கெட்டே போட்டுட்டாரு. இப்ப கடை இல்லேன்னா நான் என்ன முகத்தை வெச்சிக்கிட்டுப் பேசறது? உங்க கடையைத்தான் ரெண்டு தடவை மூடினீங்க. எங்களுதைத் திறக்கறதுக்கு முன்னாடியே மூடிட்டீங்களே."

செல்வம் தரையைப் பார்த்தார். ரெஜினா மேடம் அவ்வளவு நேரம் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அதாம்மா என் அனுபவம். இந்தத் தடவை வாடகை கட்டறதுக்கு முன்னாடியே மூடக் கத்துக்கிட்டேன்" என்றார். பிறகு கவிதாவை உட்காரவைத்து, "பெரியப்பா வரட்டும். சாப்பாடு போடுங்க. கடை இல்லேன்னு சொல்லாதீங்க. கடை வீட்டுக்கே வரும்னு சொல்லுங்க" என்றார்.

கவிதா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

மேடம் சொன்னதெல்லாம் சரியாகிவிடவில்லை, அதையும் எழுதவேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இளநீர் கொண்டுபோய்க் கொடுக்கப்போவதாகச் சொன்ன ஒருவரிடம், வேண்டாம், ஓடாது என்றார். அவர் கேட்கவில்லை, நன்றாகவே ஓடியது. மேடம் அவரை வகுப்புக்கு அழைத்து முன்னால் நிறுத்தினார். "இவர் நான் சொன்னதைக் கேக்கல. அதனால நல்லா இருக்காரு. எழுதிக்குங்க" என்றார். பலர் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு விதியை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. தொடங்கிய முதல் மாதம் சொந்தக்காரர்களிடமோ நண்பர்களிடமோ விற்கக் கூடாது. முதல் போணி முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வரவேண்டும். தினமும் முதல் வியாபாரத்தை ராசியானவர் கையால் செய்துகொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது கசந்தது. செல்வம் பைக்கில் ஒரு கருவிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். தெரியாதவர் ஒருவரும் கூப்பிடவில்லை. பழைய அலுவலக நண்பர்கள் "சூப்பர் பாஸ்" என்று செய்தி அனுப்பினார்கள். கவிதாவின் தம்பி ஒரு நாற்காலியுடன் வந்து நின்றார்.

"இதை மட்டும் கணக்குல சேத்துக்கலாமா மேடம்?" என்று கேட்டார் செல்வம்.

"சரி பண்ணிக் குடுங்க. காசு வாங்காதீங்க. மச்சான் குடுக்கற காசு மொய். அது போணி இல்ல."

"மொய்யா இருந்தாலும் காசு காசுதானே மேடம்?"

"மொய்யைத் திருப்பிச் செய்யணும் சேர்க்காரரே. அதுவும் இல்லாம, உங்க வேலை சரியில்லேன்னா உங்க மச்சான் சொல்லமாட்டாரு. அக்கா வீட்ல சாப்பிடணுமே அவருக்கு."

அந்த மாதம் கவிதா தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். வழி கண்டுபிடித்தவரும் அவர்தான். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு குடியிருப்பின் வாசலில் காவலாளி உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். மேலே யாரோ கழித்துப்போட்ட ஆபீஸ் நாற்காலி. ஒரு கை இல்லை, முதுகைக் கயிற்றால் கட்டியிருந்தது. இந்த ஊரில் எல்லா வாசல்களிலும் அப்படி ஒன்று உண்டு. அன்று மாலையே செல்வத்தை அங்கே அனுப்பினார். "அதைச் சும்மா சரி பண்ணிக் குடுங்க. வீட்டுக்குள்ள பண்ணா யாரு பாக்கறது? வாசல்லயே உட்கார்ந்து பண்ணுங்க."

வேலையிலிருந்து திரும்பியவர்களும் நாயை நடத்திச் சென்றவர்களும் நின்று பார்த்தார்கள். ஒரு கன்னடக்காரப் பெண்மணி, "நம்ம மனெகூ பர்தீரா?" என்று கேட்டார், எங்கள் வீட்டுக்கும் வருவீர்களா என்று. அதுதான் போணி. செல்வம் அந்தச் செய்தியைச் சொன்னபோது மேடம் கவிதாவைப் பார்த்து, "இது எனக்குத் தோணல" என்றார். அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அது.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "இப்ப வேண்டாம் சார். புதுக்கடையைப் பாராட்டறது கல்யாண வீட்ல மாப்பிள்ளையைப் பாராட்டற மாதிரி. யாரு வேணாலும் பண்ணலாம். நிக்கட்டும், அப்புறம் எழுதுங்க." நான் காத்திருந்தேன். எழுதியபோது செல்வத்திடம் வேறு இருவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள்.

இந்த ஆண்டு செல்வமும் கவிதாவும் உதிரிபாகங்கள் வைக்க ஜோகுபாளையத்தில் ஒரு சின்ன இடம் எடுத்தார்கள், வண்டி நிறுத்த இடமுள்ள சந்தில். பூஜைக்கு மேடம் வரவில்லை. எந்தத் திறப்புக்கும் அவர் போவதில்லை. கூட்டமெல்லாம் போன பிறகு ஏதோ ஒரு நாள், யாரும் வராத நேரத்தில், சொல்லாமல் போய் நிற்பார். குறை சொல்வார், பொருள் வாங்குவார், முழு விலை கொடுப்பார். செல்வத்தின் இடத்துக்கும் அப்படிப் போகவிருந்தார். அதற்குள் உடம்பு முடியாமல் போய்விட்டது.

போன வாரம் ஒரு பிற்பகல், தூறலில், நான் போனேன். செல்வம் வெளியே வேலைக்குப் போயிருந்தார். கவிதா மட்டும் மேசையில் இருந்தார். "காலைல இருந்து யாரும் வரல சார்" என்றார், கவலையே இல்லாத குரலில். ஃபோன் இரண்டு முறை அடித்தது. இரண்டு முறையும் நாளைக்குத்தான் ஆள் வரமுடியும் என்று சொன்னார். எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். மரியாதைக்கு ஏதாவது நல்லதாகச் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன்.

"கொஞ்சம் இடது பக்கம் சாயுதும்மா" என்றேன்.

கவிதா முகம் சுளிக்கவில்லை. என்னை எழச் சொன்னார், தானே உட்கார்ந்து பார்த்தார், "ஆமா சார்" என்றார். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு ஸ்பேனரை எடுத்தார். அவர் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

நல்ல நாளில் போகாமல் வெறும் நாளில் போவது; போன இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்வது. ரெஜினா மேடத்திடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டிருப்பது இது. மேடம் இல்லாவிட்டாலும் அடுத்த சனிக்கிழமை வகுப்பு உண்டு என்று கவிதா சொன்னார். வாங்குபவராக உட்கார ஒருவர் வேண்டுமாம்.