நான் வரைந்த ஊதா வட்டம்

ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்த இரண்டாம் ஆண்டு அது. அந்த ஊர் காஜா பேராங் பகுதியில், அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு வீட்டில் நானும் என் அக்காவும் அவளுடைய மூன்று வயது மகனும் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. அத்தானைச் சயாமில் ரயில் பாதை போடுவதற்காக லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான்.

அக்காவுக்கு மார்பில் ஒரு கட்டி. வெட்கத்தில் மாதக்கணக்காக மறைத்து வைத்திருந்தாள். நான்தான் சண்டை பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கட்டி சுண்டைக்காய் அளவுதான், ஆனால் ஆழத்தில் இருந்தது. படம் எடுத்துப் பார்க்கிற வசதியெல்லாம் அப்போது ஏது? அவருடைய விரல்தான் எல்லாம். அக்காவை உட்கார வைத்து, முன்னால் சாயச் சொல்லி, வெகு நேரம் தடவிப் பார்த்தார். அகப்பட்டதும், புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தைத் தொட்டு அந்த இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

“நாளைக்குக் காலமை கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுவரைக்கும் இதில தண்ணி படக்கூடாது, பிள்ளை” என்று என்னிடம் சொன்னார். மயக்க மருந்து கொஞ்சம்தான் மிச்சம், நாளையை விட்டால் பிறகு எப்போது கிடைக்குமோ தெரியாது என்றும் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தலை முழுகாமல் அக்கா வாசலைத் தாண்ட மாட்டாள். “நாலு பேரு பாக்கப் போற உடம்பு. அழுக்கோடயா போயி படுப்பேன்?” என்று ஒரே பிடிவாதம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சோப்பைக் கண்ணால் பார்த்தே மாதங்கள் ஆகியிருந்தன. சாம்பலும் எலுமிச்சையும் தேங்காய் நாரும்தான். வட்டத்தின் மேல் துணியைக் கட்டிக்கொண்டுதான் கிணற்றடியில் உட்கார்ந்தாள். தலையில் நாலு வாளி ஊற்றியதில் துணி நழுவிவிட்டது. நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. பழக்கதோஷத்தில் நானும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். துடைக்கும்போது பார்த்தால் வட்டத்தைக் காணோம்.

டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது? மயக்க மருந்து இல்லை என்று சொல்லிவிட்டால்? பையனுடைய கால் புண்ணுக்குக் கொடுத்த அதே ஊதா மருந்து வீட்டில் ஒரு புட்டி இருந்தது. தீக்குச்சியில் தொட்டு நானே வட்டம் போட ஆரம்பித்தேன். எந்தப் பக்கம் என்று தெரிவதற்குத்தான் அந்த அடையாளம், அறுத்தால் கட்டி தானாகக் கண்ணில் படும் என்றுதான் நினைத்தேன்.

“இங்கதான இருந்துச்சு?” என்றாள் அக்கா.

“இங்கதான்” என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த வட்டத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும்போது அந்தக் கட்டி விரலுக்கு அகப்படாதாம். அது எனக்கு அப்போது தெரியாது. என் வட்டத்தை நம்பி அறுத்து, கைக்குக் கெட்டியாகப் பட்டதை எடுத்திருக்கிறார். எடுத்ததைச் சோதித்துப் பார்க்கவும் அன்றைக்கு வழியில்லை.

காயம் ஆறியது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஐந்தாறு மாதம் கழித்து அக்கா என் கையைப் பிடித்து, தழும்புக்கு இரண்டு விரல் தள்ளி வைத்தாள். கட்டி அங்கேயே இருந்தது. முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அக்குளிலும் இரண்டு.

டாக்டரிடம் போனதும் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அவவை இருத்தி வச்சுத் திரும்பப் பாத்திருப்பனே, பிள்ளை. ரெண்டு நிமிஷ வேலை” என்றார். அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அக்காவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், “உங்க அத்தான் திரும்பி வந்து கேட்டா, அழிஞ்ச வட்டத்த நானே போட்டுக்கிட்டேன்னு சொல்லிரு. செத்தவள யாரு அடிக்கப் போறா?” என்றாள். சிரிக்க வேறு பார்த்தாள். ஜப்பான்காரன் போவதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

அத்தான் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். கேட்டார். அக்கா சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னேன். ஒவ்வொரு திதிக்கும், “அவளுக்கு எதுலயும் அவசரம்” என்று அவர் முணுமுணுப்பார். நான் குனிந்த தலை நிமிராமல் பரிமாறுவேன். அவரும் அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அக்கா மகனை நான்தான் வளர்த்தேன். சில வருஷங்களுக்கு முன் அவன் மனைவிக்கும் மார்பில் கட்டி வந்தது. இப்போதெல்லாம் ஸ்கேனில் பார்த்து இடத்தைக் குறித்துவிடுகிறார்கள். ஆபரேஷன் அன்றைக்கு ஊசியில் ஒரு நீலச் சாயம் ஏற்றுவார்களாம், நோய் எந்தப் பக்கம் பரவியிருக்கும் என்று அது உள்ளே வழி காட்டுமாம். சின்ன வயது டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். “குளிச்சா போயிடாதே?” என்று கேட்டேன். “உள்ளுக்குப் போற சாயம்மா, குளிச்சாலும் போகாது” என்று சிரித்தார். அவளுக்கு நல்லபடியாக முடிந்தது.

“ஏன் சின்னம்மா அப்படிக் கேட்டீங்க?” என்றான் பக்கத்தில் நின்ற அக்கா மகன். அறுபது வயதைத் தாண்டியவன். “சும்மாதான்பா” என்றேன்.

தாயின் அவசரத்தால்தான் தாயை இழந்தோம் என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கும் அவனிடம், அந்த வட்டத்தைப் போட்டது என் கைதான் என்று முகம் பார்த்துச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. இந்தப் பத்திரிகையை அவன் ஒரு வரி விடாமல் படிப்பவன் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.