சித்தப்பா தின்ற பச்சை லட்டு

நான் சென்னையில் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தபோது, சாலவாக்கத்துச் சித்தப்பா ஊர்க்காரர்களோடு காசிக்குப் போய்வந்தார். கங்கைச் செம்போடு ஒரு டப்பா பச்சை லட்டும் வந்தது. கடைக்காரன் இந்தியில் ஏதோ எச்சரித்தானாம். சித்தப்பாவுக்கு இந்தி தெரியாது. தலையாட்டி வாங்கிவிட்டார்.

நான் லீவுக்குப் போயிருந்த அன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குமேல் சித்தப்பா ரெண்டு லட்டு தின்றார். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஃபேனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்ததும் பசி வந்தது. ராத்திரிக்கு வைத்திருந்த சோற்றையும் காலி செய்துவிட்டு, கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே, "இன்னாடி, இன்னும் சோறு போடலியா?" என்றார்.

"இன்னா நைனா ஆச்சு இவுருக்கு? காத்து கருப்பு அடிச்சிட்ச்சா?" என்று சித்தி என்னைப் பார்த்து அலறினாள்.

டப்பாவை முகர்ந்து பார்த்தேன். புரிந்துவிட்டது. "கஞ்சா இலை அரைச்சுப் போட்டிருக்கான் சித்தி."

"ஐயோ! இவுரு பீடி கூட தொடமாட்டாரே!"

படித்ததைச் சொல்ல நல்ல நேரம் என்று நினைத்தேன். "மூளையில ஒரு செல்லு இன்னொண்ணுக்கு சேதி அனுப்பும். வாங்குற செல்லு, 'போதும், நிறுத்து'ன்னு திருப்பிச் சொல்லும். அதைக் கேக்க, அனுப்புற செல்லுல ரிசப்டர் இருக்கு."

சித்தி முழித்தாள்.

"கீழ்க்கழனிக்காரன் 'தண்ணி போதும், மடைய மூடு'ன்னு கத்துவான்ல? கஞ்சாவுல இருக்கிற சரக்கு அவன் குரல்ல கத்துது. தேவையான நேரத்துலயும் மடை மூடிக்குது. அதான் தின்னது கூட மனசுல நிக்கல."

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டி எழுந்தார். "எவன்டா என் மடைய மூடினவன்?"

மண்வெட்டியோடு கிளம்பியவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தொங்கினோம். வாசலுக்கு வந்ததும் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய், மண்வெட்டியைத் தடவி, "இன்னா அழகா கீது பாரு" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் போய் உத்திரமேரூர் டாக்டரை அழைத்து வந்தார். நாடி பிடித்தவரிடம் சித்தப்பா, "நீங்க வந்து ரெண்டு நாளாவுது, சாப்டீங்களா?" என்று விசாரித்தார்.

"தண்ணி குடுங்க, தனியா விடாதீங்க. தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சித்தப்பா தூங்கியதும், மிச்ச லட்டைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்த சித்தி கேட்டாள்: "கஞ்சாவுக்குன்னு மனுசன் மண்டையில அந்த ரிசப்டரு எதுக்கு நைனா?"

"கஞ்சாவுக்கு இல்ல சித்தி. மூளையே அது மாதிரி ஒண்ணு செய்யுது. ஆனந்தமைடுன்னு பேரு. நம்ம ஆனந்தம்தான்."

சித்தி, குறட்டை விடுகிறவரைப் பார்த்தாள். "இவுரு மண்டையிலயா? கல்யாணம் ஆனதுலேர்ந்து பாத்துக்கினு கீறேன், ஒரு சொட்டு வெளிய வந்ததில்ல."

காலையில் சித்தப்பா தலை கனக்கிறது என்றார். நாங்கள் சொன்ன எதையும் நம்பவில்லை. காபியில் சர்க்கரை பத்தவில்லை என்று சித்தியைத் திட்டிவிட்டுக் கழனிக்குப் போனார்.