மல்லிகா அக்கா பிரித்துக் கொடுத்த நட்டம்

செய்தி வந்தபோது பாடாலூரில் எங்கள் வெங்காய மண்டியில் பாதி மூட்டைகள் எடை போட்டு முடிந்திருந்தன. பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். "அண்ணி போயிட்டாங்க" என்றார். சரக்கு கொண்டுவந்திருந்த விவசாயி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க கெளம்புங்கம்மா, காசு அப்பறம் வாங்கிக்கிறேன்" என்றார். நான் கேட்கவில்லை. மீதி மூட்டைகளையும் எடை போட்டு, பணத்தை அவர் கையில் கொடுத்த பிறகுதான் கடையைச் சாத்தினேன். கல்நெஞ்சக்காரி என்று யாராவது நினைத்திருக்கலாம். அக்காவிடம் சரக்குப் போட்ட நீங்கள் யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டீர்கள்.

மல்லிகா அக்கா என் ஓரகத்தி; என் கணவரின் அண்ணன் மனைவி. நாம் இரண்டு பேரும் மாப்பிள்ளைகளுக்கு வாழ்க்கைப்படவில்லை, மண்டிக்குத்தான் வாழ்க்கைப்பட்டோம் என்று கேலி செய்வார். உண்மைதான். எங்கள் சேலையை விட்டு வெங்காய வாசனை போனதே இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒருமுறை, விவசாயிகளிடம் பணம் பிறகு தருவதாகச் சொல்லிச் சின்ன வெங்காயம் வாங்கி, விலை ஏறட்டும் என்று பட்டறை போட்டு வைத்திருந்தோம். காற்றோட்டமாக அடுக்கிக் கீற்றால் மூடிய பட்டறை. அதற்குள் மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது. அண்ணனுக்கும் தெரிந்தது, தம்பிக்கும் தெரிந்தது. தம்பி பயந்துவிடுவான் என்று அண்ணன் சொல்லவில்லை. அண்ணன் மனசு உடைந்துவிடும் என்று தம்பி சொல்லவில்லை. இவ்வளவு பாசம் எந்த மண்டிக்கும் ஆகாது. அழுகல் வாடை நெடுஞ்சாலை வரை வந்த பிறகுதான் இருவரும் வாயைத் திறந்தார்கள். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியதற்கும் விலை இல்லை.

"எல்லாம் என் தலையோட போவட்டும். நீ பங்கு பிரிச்சுக்கிட்டுப் போயிடு தம்பி. உன் புள்ளைங்களாவது தப்பிக்கட்டும்" என்றார் பெரியவர், அக்காவின் கணவர். என் வீட்டுக்காரர் அழுதார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"லாபத்துல ரெண்டு பங்கு போட்டீங்க. நட்டத்துக்கு மட்டும் நீங்க ஒத்த ஆளா? அவங்க என்ன விருந்துக்கா வந்திருக்காங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "என்ன மீனா, நீ விருந்தாளியா?"

"இல்லக்கா" என்றேன். அந்த ஒரு கேள்விக்காகவே அவரை நான் கும்பிடுவேன்.

மண்டிக்காரர் நொடித்துப்போனால் போனை அணைத்துவிட்டு வேறு ரோட்டில் போவதுதான் இங்கே வழக்கம். அக்கா விடவில்லை. "அவங்க கேக்க வர்றதுக்கு முன்னால நாம சொல்லப் போயிடணும்" என்றார். போவதிலும் ஒரு ஏற்பாடு வைத்தார். அண்ணன் வாக்குக் கொடுத்த வீடுகளுக்குத் தம்பி போகவேண்டும். தம்பி வாக்குக் கொடுத்த வீடுகளுக்கு அண்ணன். அது அவன் வாங்கின சரக்கு என்று இனி ஒருவரும் கை கழுவ முடியாது. வாங்காத சரக்குக்காக இருவரும் வாசல் வாசலாக ஏச்சு வாங்கினார்கள்.

நாங்கள் பெண்கள் நெடுஞ்சாலை ஓரம் தராசோடு உட்கார்ந்து, மிஞ்சிய வெங்காயத்தைக் கார்க்காரர்களுக்குச் சில்லறையாக விற்றோம். முதல் நாள் நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டேன். "மூஞ்சக் காட்டு. ஒளிஞ்சுக்கிட்டு வித்தா திருட்டு வெங்காயம்னு நெனப்பான்" என்று அக்கா அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கூச்சம் இல்லை.

கல்லங்குறிச்சியில் இருக்கும் தன் அண்ணனிடமும் முதலுக்காகக் கைமாற்று வாங்கியிருந்தார் அக்கா. விவசாயிகள் எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு என்று அவரிடமே போய்ச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன்.

"கூடப்பொறந்தவனுக்குக் கடைசியிலயா?" என்று அவர் கத்தினார்.

"கூடப்பொறந்ததாலதாண்ணே கடைசி. எனக்காக மத்தவங்க ஏன் காத்திருக்கணும்?" என்றார் அக்கா. பஸ்ஸில் அரியலூர் தாண்டும்வரை தைரியமாகப் பேசிக்கொண்டு வந்தவர், அதன் பிறகு என் தோளில் சாய்ந்து அழுதார். மறுநாள் காலையில் வழக்கம்போலத் தராசை எடுத்து வைத்தார்.

வருடங்கள் பிடித்தன. ஒவ்வொரு விவசாயிக்கும் கொடுத்து முடித்தோம், மண்டியும் நிமிர்ந்தது. கல்லங்குறிச்சி அண்ணனுக்குத் தரவேண்டியதில் கொஞ்சம் பாக்கி இருந்தபோதுதான் அக்கா போய்விட்டார்.

காரியத்தன்று பந்தலில் எல்லோர் முன்னாலும் அந்த அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சியே போயிட்டா. அந்தப் பாக்கிய விட்டுடுங்க மாப்ள." நல்ல மனதோடுதான் சொன்னார். பெரியவர் உடைந்துபோய் உட்கார்ந்திருந்தார். தலையாட்டிவிடுவார் போலிருந்தது. ஆண்கள் பேசும் சபையில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை.

"வேணாம்ண்ணே. அடுத்த வெங்காயம் வித்ததும் நானே கல்லங்குறிச்சிக்குக் கொண்டாந்து தர்றேன்" என்றேன். பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நானும் வரேம்மா" என்றார்.

அக்காவின் பட்டுப்புடவை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். அவர் நினைவாக நான் வைத்திருப்பது அந்தப் பாக்கிதான். அதையும் நெடுநாள் வைத்திருக்கப் போவதில்லை.