மேசைக்குப் போர்த்திய ஈரச்சாக்கு

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கரியாலூரில் நான் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் பலாப்பலகையில் ஒரு மேசை செய்திருந்தேன். மேலெல்லாம் மேடும் பள்ளமும், டம்ளர் வைத்தால் சாய்ந்தது. சமப்படுத்த, தானே கல்லாக இறுகும் எபாக்ஸிப் பிசினை இரண்டு டப்பாவாக வாங்கி, அளவு பிசகாமல் கலந்து, முதுகு ஒடிய ஊற்றினேன். கண்ணாடி மாதிரி பரவியது. "யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சரக்கு வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு மலையிறங்கினேன்.

மறுநாள் காலை வந்தால், மேசைமேல் சொட்டச் சொட்ட ஈரச்சாக்கு. பக்கத்தில் பக்கெட்டோடு என் மனைவியின் தம்பி. கொத்தனார்.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க?"

"நேத்து வெயிலு ஜாஸ்தி மாமா. வெடிச்சிடும்னு அப்பவே சாக்குப் போட்டு தண்ணி வுட்டுக்கினு இருக்கேன்."

"இது இன்னா சிமெண்ட்டாடா?"

"கலந்து ஊத்துனா எல்லாம் ஒண்ணுதான் மாமா. தண்ணி காட்டலன்னா நிக்காது."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் காதில் ஏறவே இல்லை. ஆத்திரத்தில் சாக்கைப் பிடித்து இழுத்தேன். சாக்கு வரவில்லை, மேசைதான் என் பக்கம் நகர்ந்து வந்தது.

"பாத்தீங்களா மாமா," என்றான், "எப்டிப் புடிச்சிக்கினு இருக்கு!"