திங்கட்கிழமைகளில் நகர்ந்த நிறம்

என் அக்கா கெர்ட்ரூடுக்கு வானத்தின் மீது எந்த ஆர்வமும் கிடையாது. ஈப்போவை ஒட்டிய எங்கள் ஜெலாப்பாங்கில் அண்ணாந்து பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. பாதி நாள் மேகம், மீதி நாள் தொழிற்பேட்டைப் புகை. ஆனால் எங்கோ ஒரு மலையுச்சியில் எடுத்த வானப் படங்களில் சில நிறங்கள் விடுபட்டுப் போயின. அதற்குப் பொறுப்பாக ஒரு தாளில் அவள் கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தைப் போட வைத்தவன் நான்.

அக்கா 1957இல் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அங்கே பால்மரம் சீவினார். பள்ளியில் பதினோராம் ஆண்டான ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, 1979இல் ஜெலாப்பாங்கில் புதிதாகத் திறந்த ஒரு கண்ணாடி கம்பெனியில் சேர்ந்தாள். அந்த வேலைதான் என்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இயற்பியல் பட்டம்.

கம்பெனியில் சிறு கண்ணாடி வில்லைகள் மேல் மிக மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காகப் படிய வைப்பார்கள். அப்படிச் செய்த கண்ணாடி எல்லா ஒளியையும் தடுத்துவிட்டு, ஒரே ஒரு நிறத்தின் மெல்லிய கீற்றை மட்டும் உள்ளே விடும். ஃபில்டர் என்பார்கள். அக்காவுக்குச் சோதனை அறையில் வேலை. ஃபில்டரைக் கருவியில் வைத்தால் ஒரு பேனா தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். நெடுந்தூரம் தட்டையாக ஓடி, திடீரென்று ஒரு குன்றாக எழுந்து, மறுபடி தட்டையாகிவிடும். அங்கே வேலை செய்யும் பெண்கள் அதை மலாயில் 'புக்கிட்', குன்று, என்பார்கள். ஆர்டரில் கேட்ட எண்ணில் புக்கிட் நிற்க வேண்டும். நின்றால் அக்கா தாளின் அடியில் கையெழுத்திடுவாள்.

1986இல் ஒரு வெளிநாட்டு வானாய்வகத்திலிருந்து ஆர்டர் வந்தது. முப்பத்திரண்டு ஃபில்டர்கள், ஊதாவிலிருந்து சிவப்பு வரை. வானத்தின் ஒரே துண்டை முப்பத்திரண்டு தடவை படம் எடுப்பார்கள், ஒவ்வொரு தடவையும் வேறொரு ஃபில்டர் வழியாக. ஒரு ஒளிப்புள்ளி எந்தக் கீற்றில் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்று பார்த்து, அது விண்மீனா, தொலைதூர விண்மீன் கூட்டமா, எவ்வளவு தூரம் என்று கணிப்பார்கள். அதற்கு முப்பத்திரண்டு புக்கிட்டும் தோளோடு தோள் உரச நிற்க வேண்டும். இரண்டுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அந்த நிறத்து ஒளி எந்தப் படத்திலும் பதியாது.

அந்த ஆர்டரில் பதினொரு ஃபில்டருக்கு அக்கா கையெழுத்துப் போட மறுத்தாள். வெள்ளிக்கிழமை ஓர் இடத்தில் நின்ற புக்கிட், திங்கட்கிழமை காலையில் சிவப்புப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நின்றது. வியாழனுக்குள் மெல்லத் திரும்பி வந்தது. மேற்பார்வையாளர் கார்த்திகேசு நம்பவில்லை. பூச்சு அறையில் வேலை செய்யும் ராக்காயி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள்.

"கண்ணாடி ஞாயித்துக்கெழம உங்க மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிட்டு வருதாம்லா. அதான் திங்கக்கெழம எடம் மாறி ஒக்காருதாம். சார் சொல்றாரு."

"நீயும் சிரி," என்றாள் அக்கா. "கப்பல்ல ஏறிப் போனப்புறம் என்னைய எவன் காப்பாத்துவான்?"

அன்று மாலை அவள் என் முன்னால் கருவியின் பேனா கோடு போட்ட இரண்டு ட்ரேசிங் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். எனக்கு அப்போது ஒன்பதாவது நிராகரிப்புக் கடிதம் வந்திருந்தது. நாட்டில் வேலையே இல்லாத ஆண்டு. யாராவது என் படிப்பை ஒரு தடவை பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா என்று இருந்தேன்.

"லூயிஸ், இதப் பாரு. ஒரே பீஸ்தான். எப்படி நகந்திருக்கு பாத்தியா?"

"கண்ணாடி நகராதுக்கா. மெசின்தான். ரெண்டு நாள் அடைச்சிக் கெடக்குது. லேம்ப் சூடாகியிருக்காது."

"ஒரு மணி நேரம் சூடாக்கிட்டுத்தானே போட்டேன். மெசின் தப்புன்னா மாஸ்டர் பீஸும் நகரணுமே? அது அப்படியே நிக்குது."

மாஸ்டர் பீஸ் என்பது கருவியைச் சரிபார்க்க வைத்திருந்த, பூச்சு இல்லாத நிறக் கண்ணாடி. அதாவது, கருவி மேல் சந்தேகம் வந்தவுடன் என் அக்கா தானாகவே சரியான பரிசோதனையைச் செய்து முடித்திருந்தாள். எந்த ஆய்வுக்கூடத்திலும் அதைத்தான் செய்வார்கள். எனக்கும் அதைத்தான் மூன்று ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தார்கள்.

"அது வேற மாதிரி கண்ணாடிக்கா. அதோட இத ஒப்பிட முடியாது," என்றேன். நிராகரிப்புக் கடிதத்தின் பின்பக்கத்தில் படம் வேறு போட்டு விளக்கினேன். இரண்டுக்கும் வித்தியாசம் பூச்சு மட்டும்தான், ஆகவே நகர்வதும் பூச்சுதான் என்று அந்தப் படமே சொன்னது. நான் பார்க்கவில்லை.

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

மறுநாள் கார்த்திகேசுவிடம் போய்த் தன் தவறு என்று சொல்லியிருக்கிறாள். எந்த நாளில் எண் சரியாக வருகிறதோ அன்றைய தாளை வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். பதினொன்றுக்கும் கையெழுத்திட்டாள். சில தாள்கள் திங்கட்கிழமைத் தாள்கள், சில வியாழக்கிழமைத் தாள்கள்.

எட்டு மாதம் கழித்து வானாய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. சில ஃபில்டர்கள் அடுத்ததன் மேல் ஏறி நிற்கின்றன, சிலவற்றுக்கு நடுவே இடைவெளி. எடுத்த படங்களில் பாதிக்கு மேல் வீண். கையெழுத்து யாருடையது என்று தேடினார்கள். அந்த வாரமே அக்காவைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். என் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நான் பினாங்குக்குப் பஸ் ஏறி, படித்த பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். விடை ஒரு பழைய ஆய்விதழில் இருந்தது. அவ்வகைப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவை காற்றின் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும், காய்ந்தால் திரும்பும். கம்பெனியில் சனிக்கிழமை மதியம் ஏர்கோனை, அதாவது குளிர்சாதனத்தை, அடைத்தால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார்கள். ஈப்போ மழையின் ஈரம் அறைக்குள் ஏற அது போதும். வறண்ட மலையுச்சிக்குப் போனதும், ஈரத்தோடு இருந்த திங்கட்கிழமைத் தாளை வைத்துக் கையெழுத்தான ஃபில்டர்கள் மட்டும் காய்ந்து இடம் மாறிவிட்டன.

நான் கார்த்திகேசுவைப் பார்க்கப் போனேன். நான் எழுதிக் கொண்டுபோனதை அவர் பொறுமையாகப் படித்தார்.

"இத போன மாசமே வெளிநாட்டு எஞ்சினியர் வந்து சொல்லிட்டாரு தம்பி. இப்ப ஏர்கோன் அடைக்கிறதே இல்ல."

"அப்ப எங்க அக்கா சொன்னது சரிதானே சார்? அவங்கள ஏன் திருப்பி எடுக்கல?"

"அவங்களே வந்து தப்புன்னு சொன்னாங்களே. யாரோ சொல்லிக் குடுத்து சொன்ன மாதிரி இருந்துச்சு."

நான் யார் அது என்று சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இழுப்பறையைத் திறந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டினார்.

"இந்தப் பிரச்சினைக்கப்புறம் டெஸ்டிங் ரூமுக்கு டிகிரி உள்ள ஆளுதான் வேணும்னு மேல சொல்லிட்டாங்க. நீங்க பிசிக்ஸ்தானே? போட்டுப் பாருங்க."

அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் சம்பளம் என்னவாக இருக்கும் என்றுகூட யோசித்தேன்.

வீட்டில் அதை மேசை மேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நகருதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "கண்ணால பாத்தேன். அப்பறமும் ஒன் பேச்சக் கேட்டேன் பாரு, அந்த எரிச்சல்தான் அடங்க மாட்டேங்குது. ஒம் மேல பாதி, எம் மேல பாதி."

"நான் போட மாட்டேன்கா."

"நீ போடு, போடாமப் போ. ஒரு பேனா குடு."

படிவத்தில் தன் பெயரை எழுதினாள். கல்வித் தகுதி: ஐந்தாம் படிவம். அனுபவம்: ஏழு ஆண்டு, அதே அறை. அறிந்தவர் சான்று என்ற கட்டத்துக்கு வந்ததும் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"ஒனக்கு நல்லாத் தெரிஞ்சத மட்டும் எழுது."

மாஸ்டர் பீஸ் பற்றி எழுதினேன். அவள் செய்தது என்ன, நான் சொன்னது என்ன என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

படிவத்தைக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. அக்கா வாரத்துக்கு ஒரு தடவை கார்த்திகேசுவின் கதவைத் தட்டுகிறாள். மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறாராம். டிகிரி உள்ள ஆளும் இன்னும் வரவில்லை. சோதனை அறை பூட்டிக் கிடக்கிறது, ஏர்கோன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.