கோயில் நடை சாத்தியிருந்த மத்தியானம்

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில்தான் விழும். பத்தாவது வரை படித்த ஏசி மெக்கானிக் நான். சரித்திரமெல்லாம் சொல்லத் தெரியாது. எங்கே நிழல் இருக்கும், எங்கே காபி நன்றாக இருக்கும், எங்கே வண்டி நிறுத்தலாம் என்று தெரியும். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

துபாயில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் ஒருமுறை குடும்பத்தோடு வந்தார். சிவகங்கைப் பக்கம் அவருக்கு. மனைவி, மூன்று வயதுப் பெண் குழந்தை. காலையில் எழும்பூரில் இறங்கி, அன்றைக்கே சாயங்கால ரயிலில் திரும்ப வேண்டும். மறுநாள் மதுரையிலிருந்து அவருக்கு விமானம், லீவு முடிந்துவிட்டது. பிள்ளைகளே, நீங்கள் இருவரும் அன்று கூடவே வந்தீர்கள். சின்னவனுக்கு நினைவில்லை என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

அவர்கள் வந்தது ஒரே காரியத்துக்கு. ரொம்ப வருடம் குழந்தையில்லாமல் அந்த அம்மா இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் மயிலாப்பூர் கபாலி கோயிலில் போய் உட்கார்ந்து, பிள்ளை பிறந்தால் மூன்று பேருமாக வந்து அம்பாளுக்குப் பட்டுப்புடவை சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். புடவையைக் கொடுக்கும்வரை காபி தவிர வேறு எதுவும் சாப்பிடுவதில்லை என்று வந்திருந்தார். நண்பருக்கு அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான்.

நான் போட்ட திட்டம் இதுதான். சாந்தோமில் நம் வீட்டில் குளியல். பக்கத்திலேயே மாதா கோயில், பின்னால் கடல். பிறகு தி.நகரில் புடவை. அங்கிருந்து திரும்பும் வழியில் மயிலாப்பூர். வீட்டில் சாப்பாடு. பிறகு கிண்டி பாம்புப் பண்ணை, நேரம் இருந்தால் பெசன்ட் நகர் பீச்.

நம் மாதா கோயிலில் அந்தக் குழந்தை மெழுகுவர்த்திகளை எல்லாம் ஊதி அணைக்கப் பார்த்தது. பெரியவள்தான் வாயைப் பொத்தினாள். பட்டினப்பாக்கம் பக்கம் நடந்து கடலைப் பார்த்தோம். தி.நகரில்தான் நேரம் போனது. நாலு மாடி ஏறினோம். அந்த அம்மா ஒவ்வொரு புடவையையும் விரிக்கச் சொல்லி, தள்ளி நின்று பார்த்தார்.

"அம்பாளுக்கு எந்தக் கலரு பிடிக்கும்னு கேட்டா வந்திருக்கே?" என்றார் நண்பர்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்குச் சட்டை எடுக்கவே நான்தான் வரணும்."

கடைசியில் அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை. ஆட்டோ பிடித்து, லஸ்ஸில் மெட்ரோ வேலைக்கு அடித்திருந்த தகரத்தைச் சுற்றி, கோபுரத்தின் எதிரே இறங்கினபோது கதவு சாத்தியிருந்தது.

ஏதோ விசேஷம் போல என்று நினைத்து, வாசலில் பூ விற்கிற அம்மாவிடம் கேட்டேன்.

"இன்னா சாரே, இந்நேரத்துக்கு வந்துகினு கீற? பன்னெண்டரைக்கே சாத்திட்டாங்க. இனிமே நாலு மணிக்குத்தான்."

"தினமுமா?"

"பின்ன? சாமி தூங்க வேணாமா? ஊருக்குப் புச்சா நீ?"

பிறந்ததிலிருந்து அந்தக் கோபுரத்தைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். தேர் பார்த்திருக்கிறேன், அறுபத்துமூவர் கூட்டத்தில் மோர் வாங்கிக் குடித்திருக்கிறேன். பகலில் நடை சாத்துவார்கள் என்பது மனதில் ஏறவே இல்லை. நம் கோயில் காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடும். கோயில் என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

"எங்க ஊரு கோயிலும் உச்சிக்குச் சாத்துறதுதாண்ணே," என்றார் நண்பரின் மனைவி. "இவ்வளவு பெரிய பட்டணத்துல சாத்த மாட்டாக போலன்னு நெனச்சேன். நீங்க உள்ளூரு, தெரியாமலா சொல்வீகன்னு கேக்கலை."

கோபமாகச் சொல்லவில்லை. புடவைப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாத்திய கதவையே பார்த்தார்.

நண்பர் சமாதானம் சொன்னார். "மச்சி, பசங்க ஆசையா இருக்காங்க. பாம்புப் பண்ணைக்குப் போயிட்டு நாலு மணிக்கு வந்துருவோம்."

கிண்டி போய்த் திரும்புகிற வழியில் ஒரு இடத்தில் மாட்டினாலும் கோயிலா ரயிலா என்று ஆகிவிடும். இங்கேயே இருப்போம் என்றேன். சின்னவன் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதான். பெரியவள் என்னோடு பேசவில்லை.

உங்கள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"என்னங்க நீங்க? மயிலாப்பூருக்குப் பக்கத்துலயே பொறந்து வளர்ந்து, இதுகூடத் தெரியாதா?"

"உனக்குத் தெரியுமா?"

"சரி, சரி. அவங்க பெட்டியெல்லாம் எடுத்துக்கிட்டு நானே நாலு மணிக்கு அங்க வரேன். அப்படியே ஸ்டேஷன் போயிடலாம். நீங்க எங்கயும் அலையாதீங்க."

எனக்கு அது தோன்றவே இல்லை.

மாட வீதியில் ஒரு மெஸ்ஸில் நாங்கள் சாப்பிட்டோம். அந்த அம்மா உள்ளே வரவில்லை. ஒரு காபி மட்டும் வாங்கிக்கொண்டு, மூடியிருந்த பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்தார். பெரியவள் இலையில் பாதி சாதத்தை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தை ஏன்ப்பா சாப்பிடலை?"

சொன்னேன். எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பில் கொடுத்துவிட்டு வந்தபோது இருவரும் புடவையின் முந்தானையைக் கொஞ்சம் பிரித்து ஜரிகை மயிலை எண்ணிக்கொண்டிருந்தார்கள். குழந்தை அவர் மடியில் படுத்திருந்தது.

மூன்றரைக்கே வாசலில் ஆள் சேர ஆரம்பித்தது. பூக்கார அம்மா எங்களைப் பார்த்துக் கையாட்டினார். "இங்க வந்து நில்லு நைனா, பொம்பளைய முன்னால வுடு. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல போல, மூஞ்சியப் பாரு." ஒரு முழம் மல்லியைப் பைமேல் வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

கதவு திறந்தது. உங்கள் அம்மா பெட்டிகளோடு ஆட்டோவில் வாசலில் இருந்தாள். அந்த அம்மா ஓடாத குறையாக நடந்தார். பின்னால் நண்பர், தோளில் குழந்தை. அதற்குள் நன்றாகத் தூங்கிப் போயிருந்தது. நாங்கள் அம்பாள் சந்நிதிக்கு வெளியே கம்பியை ஒட்டி நின்றோம்.

புடவையும் பூவும் வைத்த தட்டைக் குருக்கள் வாங்கினார். "குழந்தை பேர், நட்சத்திரம்?"

அந்த அம்மா அம்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவசரமாகக் குழந்தையைத் தட்டினார். "எந்திரி தாயி, சாமியப் பாரு."

"தூங்கட்டும், எழுப்பாதீங்கோ," என்றார் குருக்கள். புடவையை அம்பாள் பாதத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். குங்குமத்தை எடுத்துத் தூங்குகிற குழந்தையின் நெற்றியில் அவரே வைத்தார்.

பிராகாரத்தில் பிரசாத சர்க்கரைப் பொங்கல் ஒரு தொன்னை வாங்கினோம். அந்த அம்மா நின்றபடியே அதைக் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். பிறகுதான் முகம் தெளிந்தது.

"இனிமே மெட்ராஸ்ல எனக்குப் பாக்க வேண்டியது ஒண்ணும் இல்லண்ணே," என்றார்.

எழும்பூரில் வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார வைத்தபோது குழந்தை விழித்துக்கொண்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தது.

"கோயிலுக்கு எப்பம்மா போவோம்?"

எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஈரக் கைக்குட்டையால் குழந்தையின் கன்னத்தைத் துடைத்தார், நெற்றியில் இருந்த குங்குமம் கலையாமல்.